தவணை தவறும் மாதத்தில் யார் வாசலுக்குப் போவீர்கள்?

வாசகி ஒருவர் நிலாவெளியிலிருந்து எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"கடற்கரைக்குக் கிட்ட எங்கள் வீடு. வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறோம். கணவர் படகில் புறாமலைக்கு ஆட்களை ஏற்றி இறக்குவார், மற்ற நாட்களில் மீன்பிடி. வீட்டுச் செலவு அவர் உழைப்பில் போகிறது. அறைகளில் மே முதல் செப்டம்பர் வரை மாதம் 80,000 ரூபாய் அளவில் கையில் நிற்கும். மற்ற ஏழு மாதமும் சராசரியாக 15,000 தான். மூன்றாவது அறை கட்டி ஏசி போட ஐந்து இலட்சம் தேவை. வங்கியில் கேட்டோம். வருடம் 14 வீதம், குறைந்து போகும் மீதிக்கு வட்டி என்றார்கள். ஆனால் அரசாங்க உத்தியோகத்தர் இருவரைப் பிணைக்குக் கேட்கிறார்கள். எங்கள் காணி அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் தந்த பெர்மிட் காணி என்பதால் அதையும் ஈடு வைக்க முடியவில்லை. கொழும்பில் இருக்கும் மருமகன், ஆளுக்கு ஆள் நேரடியாகக் கடன் கொடுக்கும் இணையத் தளம் ஒன்று இருக்கிறது, பிணை வேண்டாம், மூன்று நாளில் காசு வரும், 18 வீதம் பிளாட் வட்டி, இரண்டு வருடத்தில் கட்டி முடிக்கலாம், 3 வீதம் கட்டணம் மட்டும் முன்கூட்டியே கழிப்பார்கள் என்கிறார். 14க்கும் 18க்கும் நாலு வீதம் தானே வித்தியாசம், வங்கிக்கு அலையும் நாளுக்கு அது பரவாயில்லை என்று கணவரும் சொல்கிறார். கனடாவில் இருக்கும் கணவரின் தம்பி இரண்டு இலட்சம் தரலாம் என்கிறார், எனக்கு அதை வாங்க மனமில்லை. என் தங்கை வேறு, அதே தளத்தில் தன் மூன்று இலட்சத்தைப் போட்டு வட்டி எடுக்கலாமா என்று கேட்கிறாள். என்ன செய்யலாம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வருமானத்தை மாதவாரியாக எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. வங்கியில் 28 வருடம் இருந்தேன், அதில் பெரும்பகுதி திருகோணமலை மாவட்டத்துக் கிளைகளில், கடன் பிரிவில். கடன் கேட்டு வருபவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட ஒக்டோபர் மாதத்து வருமானத்தைச் சொல்ல மாட்டார்கள், ஜூலை மாதத்தை மட்டும் சொல்வார்கள். நீங்கள் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் என்னால் ஒளிக்காமல் பதில் சொல்ல முடிகிறது.

அந்த "நாலு வீதம் தானே" என்ற இடத்தில் கொஞ்சம் நிற்போம். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஒன்றை முழத்திலும் மற்றதை மீற்றரிலும் அளந்துவிட்டு எது நீளம் என்று கேட்க முடியாது.

தளம் சொல்லும் பிளாட் வட்டி இப்படி வேலை செய்யும். ஐந்து இலட்சத்துக்கு 18 வீதம் என்றால் வருடம் 90,000, இரண்டு வருடத்துக்கு 180,000. முதலோடு சேர்த்து 680,000. அதை 24 ஆல் பிரித்தால் மாதத் தவணை 28,333. அந்தத் தவணைக்குள் முதல் 20,833, வட்டி 7,500. ஒரு வருடம் முடியும்போது பாதிக் கடனைக் கட்டியிருப்பீர்கள், ஆனாலும் வட்டி ஐந்து இலட்சத்துக்கே ஓடிக்கொண்டிருக்கும். கடைசி மாதம் நீங்கள் தரவேண்டிய முதல் வெறும் 20,833. அதற்கும் அதே 7,500 ரூபாய் வட்டி.

வங்கியின் 14 வீதத்தில் அதே ஐந்து இலட்சத்தை அதே 24 மாதத்தில் கட்டினால் தவணை ஏறத்தாழ 24,000. முதல் மாதத்தில் வட்டி 5,833. பிறகு மாதா மாதம் குறைந்து, கடைசி மாதத்தில் வட்டி 280 ரூபாயும் இல்லை. ஒரு பக்கம் 7,500, மறு பக்கம் 280. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கணவருக்குக் காட்டுங்கள்.

பிளாட் 18ஐ வங்கி சொல்லும் முறைக்கு மாற்றினால் வருடம் 31 வீதத்துக்கு மேல் வருகிறது. அதோடு முடியவில்லை. முன்கூட்டியே கழிக்கும் 3 வீதம் 15,000 ரூபாய். கைக்கு வருவது 485,000, கட்டுவது 680,000. அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 35 வீதம். ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது 14ஐயும் 35ஐயும். காசாகச் சொன்னால், வங்கிக்கு வட்டி 76,000 அளவில், தளத்துக்கு வட்டியும் கட்டணமுமாக 195,000. வங்கியும் ஆவணச் செலவு என்று கொஞ்சம் எடுக்கும், அதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்தாலும் இந்த இடைவெளி மூடாது.

இதற்காக ஆளுக்கு ஆள் கடன் என்பதே பொல்லாத விசயம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பெண்கள் காலங்காலமாகச் சீட்டுப் பிடிக்கிறார்களே, அதுவும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான். பத்து வீட்டுக் காசு ஒரு வீட்டுக்கு உதவும், பிறகு அடுத்த வீட்டுக்குப் போகும். நடுவில் வங்கி இல்லை. இதை இணையத்தில் முதலில் தொழிலாகச் செய்தது 2005இல் இங்கிலாந்தில் தொடங்கிய சோப்பா என்ற நிறுவனம். கடன் கேட்பவரின் விபரங்களைப் பார்த்துத் தளம் ஒரு தரம் போடும். அந்தத் தரத்துக்கு ஏற்ற வட்டியைப் பார்த்துப் பலர் சிறு சிறு தொகையாகப் போடுவார்கள். உங்கள் ஐந்து இலட்சம் ஐம்பது பேரிடமிருந்து பத்தாயிரம் பத்தாயிரமாக வரலாம். தளம் தன் காசைப் போடுவதில்லை, இரு பக்கமும் கட்டணம் வாங்கும். நீங்கள் கட்டாமல் போனால் நட்டம் அந்த ஐம்பது பேருக்கு.

வங்கிச் செலவு இல்லாததால் கடன்காரருக்கு வட்டி குறையும், காசு போடுபவருக்கு வருமானம் கூடும் என்பதுதான் தொடங்கும்போது சொன்ன பேச்சு. நல்ல சம்பளம், சுத்தமான கடன் வரலாறு உள்ளவர்களுக்குச் சில நாடுகளில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் இதைத் தொடங்கிய அதே சோப்பா 2020இல் வங்கி அனுமதி வாங்கி, 2021 டிசம்பரில் ஆளுக்கு ஆள் கடனை மூடிவிட்டது. அமெரிக்காவின் லெண்டிங் கிளப்பும் 2020 முடிவில் சாதாரண மக்களிடம் சிறு தொகை வாங்குவதை நிறுத்தி, 2021இல் ஒரு வங்கியையே வாங்கிக்கொண்டது. இந்த வழியைத் திறந்தவர்களே கடைசியில் வங்கியாகியிருக்கிறார்கள். வைப்புப் பணம் மலிவாகவும் நிலையாகவும் கிடைப்பது வங்கிக்குத்தான் என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

சரி, உங்கள் விசயத்துக்கு வருவோம். வட்டிக் கணக்கை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கடன் எப்படிக் கிடைக்கும் என்பதையே உங்கள் கடிதம் முழுக்கக் கேட்கிறீர்கள். ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் யாரிடம் போய்ப் பேசுவீர்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

2005 ஜனவரியில் நடந்த ஒன்று இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுனாமி வந்து மூன்று கிழமை இருக்கும். கிளையைத் திறந்து வைத்திருந்தோமே தவிர வேலை ஒன்றும் ஓடவில்லை. கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்தார். படகு, இயந்திரம், வலை எல்லாவற்றுக்கும் எங்களிடம் கடன் எடுத்தவர். ஒரு சொப்பிங் பையிலிருந்து கடன் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். வெயிலில் காயவைத்த புத்தகம். தாள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மை ஊறி, நாங்கள் போட்ட முத்திரை எல்லாம் நீலக் கறையாக இருந்தது. மனேஜர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "படகு இருக்கா நானா?" என்று கேட்டார். "இல்ல." "வீட்டு ஆக்கள்?" அவர் பதில் சொல்லாமல் இருந்தார். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, "இவர்ர கணக்க எடுங்க, ஒரு வருசம் தள்ளி எழுதுவம்" என்றார். அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு நானா கட்டத் தொடங்கினார், கட்டியும் முடித்தார்.

எல்லா மனேஜரும் அப்படி இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மேசை அங்கே இருந்தது. மேசைக்குப் பின்னால் முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒரு ஆள் இருந்தார், அவருக்கு மேலே கேள்வி கேட்க ஒரு தலைமை அலுவலகமும் அதற்கும் மேலே மத்திய வங்கியும் இருந்தன.

உங்கள் தொழிலுக்கு இது இன்னும் நெருக்கமான விசயம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நிலாவெளி எப்படிக் கிடந்தது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீசன் தொடங்கும் நேரத்தில் உப்புவெளி முதல் குச்சவெளி வரை அறைகள் பூட்டிக் கிடந்தன. அப்போது சுற்றுலாத் துறையினரின் கடன் தவணைகளை 2020 மார்ச் வரை ஒத்திவைக்க மத்திய வங்கி ஏற்பாடு செய்தது. அது முடிவதற்குள் கொரோனா வந்தது, மறுபடியும் சலுகைக் காலம். 2022இல் டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, படகு கரையில். நான்கு வருடத்துக்குள் மூன்று அடி. ஒத்திவைத்த காலத்துக்கு வட்டி நின்றுவிடவில்லை, அது பின்னுக்குத்தான் போனது. ஆனாலும் மூச்சு விட நேரம் கிடைத்தது. அந்தச் சலுகைகள் வந்தது மத்திய வங்கியின் மேற்பார்வைக்குள் இருக்கும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும். தளத்தில் உங்களுக்குப் பத்தாயிரம் தந்த ஒரு தனி மனிதருக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை போகாது. அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கும், அவர் காசு அவருக்கு வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது பேரோடு நீங்கள் எந்த மேசையில் இருந்து பேசுவது?

அதனால் மருமகனிடம் சில விசயங்களைக் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் பதிவுப் பெயர் என்ன? அனுமதி பெற்ற வங்கிகள், நிதி நிறுவனங்கள், நுண்நிதி நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத் தளத்தில் போட்டிருக்கிறது, அதில் இந்தப் பெயர் இருக்கிறதா? கட்டத் தவறினால் என்ன தண்டப்பணம், யார் வந்து கேட்பார்கள், வழக்குப் போடுவது தளமா அல்லது காசு தந்தவர்களா? முன்கூட்டியே கட்டி முடித்தால் மீதி வட்டியைக் கழிப்பார்களா? தளமே மூடப்பட்டால் தவணையை யாரிடம் கட்டுவது? இந்தக் கடைசிக் கேள்வி வீண் பயம் இல்லை. சீனாவில் 2014இல் தொடங்கிய ஈசுபாவ் என்ற தளம் ஒன்றரை வருடத்துக்குள் ஏறத்தாழ 9 இலட்சம் பேரிடம் 50 பில்லியன் யுவான் அளவில் வாங்கி விழுந்தது. அதில் போட்டிருந்த கடன்காரர் விபரங்களில் பெரும்பகுதி பொய். 2020 முடிவதற்குள் அந்த நாட்டில் இப்படியான தளங்கள் எல்லாமே மூடப்பட்டுவிட்டன.

பக்கத்து இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2017 ஒக்டோபரில் இதற்கென்றே விதி எழுதியது. ஒருவர் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 10 இலட்சம் இந்திய ரூபாய்க்கு மேல் கடன் எடுக்க முடியாது. ஒருவர் ஒரே கடன்காரருக்கு 50,000க்கு மேல் கொடுக்க முடியாது. 36 மாதத்துக்கு மேல் கடன் போகக் கூடாது. காசு தளத்தின் கணக்கில் தங்காமல் தனிப் பொறுப்புக் கணக்கு வழியாகப் போக வேண்டும். இந்தியச் சட்டம் நமக்குச் செல்லாது. ஆனால் மருமகன் சொல்லும் தளம் இந்த நான்கிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்டுப் பார்த்தால் அதன் குணம் விளங்கும். அனுமதி பற்றிச் சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைத்துக் கேட்கலாம்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் கவனியுங்கள். கடன் தரும் முன் உங்கள் தொலைபேசியிலுள்ள எல்லாத் தொடர்பு இலக்கங்களையும் பார்க்க ஏதாவது செயலி அனுமதி கேட்டால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். இப்படிக் கேட்பவை ஒழுங்கான ஆளுக்கு ஆள் தளங்கள் இல்லை, அந்தப் பெயரில் உலாவும் அவசரக் கடன் செயலிகள். போன வருடம் ஒரு புடவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளை என்னிடம் வந்தாள். எடுத்தது 15,000. ஒரு கிழமை பிந்தியதற்கு, அவளுடைய முதலாளிக்கும் சித்தப்பாவுக்கும் பள்ளிக்கூடத்து ரீச்சருக்கும் "இவள் காசு எடுத்துவிட்டு ஏமாற்றுகிறாள்" என்று செய்தி போயிருந்தது. தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னோடு பேசினாள். ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் கை நடுங்கியது. பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வைத்தேன், கடனை அடைக்கவும் வழி செய்தோம். ஆனால் அவள் வேலைக்குத் திரும்பப் போகவில்லை.

வங்கியைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். உங்களைப் போன்றவர்கள் தளங்களைத் தேடிப் போவதற்கு வங்கிகளும் காரணம். நிலாவெளியில் அறை வைத்து மானமாக உழைக்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைக் கொண்டு வா என்றால் அவள் எங்கே போவாள்? பிணை நிற்கும் ரீச்சரும் பயந்து பயந்துதான் கையெழுத்து வைப்பார். அவர் பயப்படுவதும் நியாயம். நீங்கள் கட்டாவிட்டால் அவரும் கட்டத்தான் வேண்டும். பெரிய கடன்களில் ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. நுண்கடன் என்ற பெயரில் வந்தவர்களும் இங்கே செய்தது கொஞ்சமில்லை. 2018இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையில் விழுந்த ஒரு இலட்சம் வரையான நுண்கடன்களைப் பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. ஆகவே அனுமதி பெற்ற இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே முறையிட ஒரு வழி இருக்கிறது என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் ஏழு மாதக் கணக்கு. ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அறைகளில் வருவது 15,000 வீதம் 105,000. தளத்தின் தவணை அந்த ஏழு மாதத்துக்கு 198,000க்கு மேல். 93,000 துண்டு விழும். அதே நேரம் வாடைக் காற்றில் படகும் கரையில் கிடக்கும், வீட்டுச் செலவே இழுபறியாக இருக்கும். வங்கியில் ஐந்து இலட்சத்தை 36 மாதத்துக்கு எடுத்தால் தவணை 17,100 அளவில், ஏழு மாதத்துக்கு ஏறத்தாழ 119,600. அதிலும் 15,000க்குக் கிட்டத் துண்டு விழுகிறது. மூன்றரை இலட்சம் எடுத்தால் தவணை 12,000க்குச் சற்றுக் குறைவு, ஏழு மாதத்துக்கு 84,000க்குள். அது 105,000க்குள் அடங்கிவிடும். மூன்றாவது அறையிலிருந்து வரும் வருமானத்தை நான் இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. இன்னும் கட்டாத அறையின் காசில் தவணை கட்டத் திட்டம் போட வேண்டாம்.

ஆகவே என் ஆலோசனை: தளத்தில் எடுக்காதீர்கள், வங்கியிலும் ஐந்து எடுக்காதீர்கள். மூன்றரை எடுத்து அறையைக் கட்டி, கூரை, மலசலகூடம், மின்சாரம் முடியுங்கள். முதல் சீசனுக்கு மின்விசிறி போதும். கடற்கரை ஓரத்தில் விசிறி அறையைக் குறைந்த வாடகைக்குத் தேடி வரும் இளைய பயணிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏசி கட்டாயம் வேண்டும் என்றால் ஏப்ரலில் வங்கியில் கொஞ்ச நகையை அடகு வைத்து வாங்கி, சீசன் காசில் செப்டம்பருக்குள் மீட்டுவிடுங்கள். ஐந்து மாதத்தில் நாலு இலட்சம் கைக்கு வரும் இடத்தில் அது முடியாத காரியம் இல்லை. இது வங்கி அடகாக இருக்க வேண்டும், சந்தியிலுள்ள வட்டிக்காரரிடம் வேண்டாம்.

வங்கிக்கு மறுபடி போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அறைகளைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அதை முதலில் செய்யுங்கள். புக்கிங் டொட் கொம் மாதிரியான தளங்களிலிருந்து வரும் காசு எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் விழட்டும். கையில் வாங்கும் காசையும் கிழமைக்கு ஒரு தரம் அதே கணக்கில் போடுங்கள். கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீளமான விளக்கத்தை விட இரண்டு சீசன் தெரியும் ஒரு கணக்குக் கூற்று அதிகம் பேசும். நீங்களும் கணவரும் சேர்ந்தே விண்ணப்பியுங்கள். உங்கள் கிரிப் அறிக்கையை, அதாவது கடன் தகவல் பணியகம் வைத்திருக்கும் உங்கள் கடன் வரலாற்றை, முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். அதில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது, யாரிடம் என்ன எடுத்தீர்கள், ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவுதான் இருக்கும். எப்போதோ யாருக்கோ பிணை நின்றிருந்தால் அதுவும் தெரியவரும்.

பெர்மிட் காணியை உறுதிக் காணி மாதிரி நினைத்த இடத்தில் ஈடு வைக்க முடியாது. ஆனால் உங்கள் பத்திரத்துக்கு என்ன நிபந்தனை என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் ஒரு தரம் கேட்டுவிடுங்கள். பத்திரத்துக்குப் பத்திரம் வித்தியாசம் உண்டு.

மனேஜரிடம் ஒன்றை வாய்விட்டுக் கேளுங்கள்: சீசன் மாதங்களில் கூடவும் மாரியில் வட்டி மட்டுமாகவும் தவணையை அமைக்க முடியுமா? தம்பலகாமத்தில் வயல் செய்பவருக்கு அறுவடை முடிந்ததும் கட்டும் விதத்தில் வங்கி கடன் கொடுக்கிறது. உங்களுக்கும் ஒரு அறுவடைக் காலம் இருக்கிறது, அது மே முதல் செப்டம்பர் வரை. கேட்பவர் குறைவு என்பதால்தான் பல கிளைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. வட்டி கடைசி வரை மாறாததா, இடையில் ஏறுமா என்பதையும் கேளுங்கள். 2023 மார்ச்சில் மத்திய வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 16.5 வரை ஏறியிருந்தது, 2025 மே மாதத்தில் கொள்கை வீதம் 7.75க்கு வந்தது. இப்படி ஏறி இறங்கும் நாட்டில் மூன்று வருடக் கடனை மாறாத வட்டியில் எடுப்பது நல்லது. மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் வாங்கி, வீட்டில் வைத்துப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஒரு வங்கி இல்லை என்றால் இன்னொன்று, அதுவும் இல்லை என்றால் நீங்கள் அங்கத்தவராக இருக்கும் கூட்டுறவுச் சங்கம்.

கனடாத் தம்பியின் காசுக்கு மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உறவில் வாங்கினால் நல்லது கெட்டதுக்குப் போகும் இடத்தில் குனிந்து நிற்க வேண்டுமே என்ற கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், உண்மையான ஆளுக்கு ஆள் கடன் இதுதான். முகம் தெரியாத ஐம்பது பேரின் காசை வாங்கத் துணியும்போது முகம் தெரிந்த ஒருவரின் காசை ஏன் தள்ள வேண்டும்? வாங்குவதென்றால் தொகை, தவணை, முடியும் திகதி எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் ஒரு சிறிய வட்டி போடுங்கள், அப்போது அது உதவியாக இல்லாமல் கடனாக இருக்கும், உங்களுக்கும் தலை நிமிர்ந்து பேச முடியும். காசு வங்கி ஊடாக வரட்டும், வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு மாற்றும் உண்டியல் முறையில் வேண்டாம். அந்த இரண்டு இலட்சம் வந்தால் வங்கியில் ஒன்றரை எடுத்தாலே போதும், அந்தத் தொகைக்குப் பிணைக் கேள்வியும் இலேசாகலாம்.

தங்கைக்கு ஒரு சொல். அனுமதி பெற்ற வங்கியில் வைப்பு வைத்தால், வங்கி விழுந்தாலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. தளத்தில் ஒருவருக்குக் கொடுப்பது வைப்பு இல்லை, கடன். அவர் கட்டாவிட்டால் போனது போனதுதான். அந்த மூன்று இலட்சம் அவளுடைய சேமிப்பு முழுவதும் என்றால் அதில் ஒரு ரூபாய்கூட அங்கே போக வேண்டாம்.

ஜனவரி மழை விட்டால்தான் அத்திவாரம் வெட்டலாம், ஏப்ரல் முடிவதற்குள் அறை தயாராக வேண்டும். வங்கி ஆறு கிழமை இழுத்தடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் விண்ணப்பம் நவம்பர் கடைசிக்குள் உள்ளே போக வேண்டும், அதற்கு முன் சுற்றுலா அதிகார சபைப் பதிவு. இந்தக் கிழமையே அந்தப் படிவத்தை எடுங்கள். வங்கி தரும் தவணை அட்டவணையை எனக்கு அனுப்பினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தரம் வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.